கராஜுக்கு இழுத்த வயர்: மின்மானிக்கு அப்பால் யார் பொறுப்பு?

கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து எழுதும் வாசகரின் வினாவைச் சுருக்கித் தருகிறேன். வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீட்டுக்கு அருகே தகரத்தால் ஒரு கராஜ் அமைத்திருக்கிறார். அதில் அவருடைய அக்காவின் மகன் வாடகை இல்லாமல் மோட்டார் சைக்கிள் திருத்துகிறார். வெல்டிங் பிளான்ட் போடும்போதெல்லாம் ட்ரிப் சுவிட்ச் விழுந்ததால், மருமகன் மின்மானிக்குப் பின்னாலும் ட்ரிப்புக்கு முன்னாலும் ஒரு வயரை எடுத்து, குசினிக் கூரை வழியாகக் கராஜுக்குக் கொண்டுபோனார். சென்ற மாதம் அயல்வீட்டுப் பிள்ளை கராஜின் தகரத்தில் கைவைத்து மின்தாக்கத்துக்கு உள்ளாகி, ஒருநாள் வைத்தியசாலையில் இருந்து சுகமாகித் திரும்பியிருக்கிறது. பிள்ளையின் தகப்பன் பொலிசில் முறைப்பாடு செய்திருக்கிறார். மின்மானி வாசிக்க வந்தவரோ இணைப்பைத் துண்டிக்க வேண்டி வரும் என்று சொல்லிச் சென்றிருக்கிறார். "வயர் இழுத்தது நானல்லவே, எனக்கும் பொறுப்பு உண்டா?" என்பதே அவரது கேள்வி.

ஆம், உண்டு. மின்மானி வரையுள்ள கம்பி விநியோகிப்பவரின் பொறுப்பில் இருக்கிறது. அதற்கு அப்பாலுள்ள வயறிங் முழுவதும் இணைப்பை வைத்திருக்கும் பாவனையாளரின் பொறுப்பில் இருக்கிறது. மின்பட்டியல் உங்கள் பெயரில் வருகிறது, காணியும் உங்கள் கையில் இருக்கிறது, கராஜில் என்ன நடந்தது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த மூன்றும் சேரும்போது, மருமகன் செய்த வேலை என்று சொல்லி நீங்கள் முழுமையாக விலகிவிட முடியாது. அவருடைய பொறுப்பு உங்களுடையதைவிடப் பெரிதாக இருக்கலாம். ஆனால் அது உங்களுடையதை இல்லாமற் செய்யாது.

இந்த வழக்கின் உயிர்நாடி அந்த ட்ரிப் சுவிட்சிலேதான் இருக்கிறது. அதனால் அதைச் சற்று விரிவாக விளக்குகிறேன். வீடுகளில் பொருத்தப்படும் ட்ரிப் பொதுவாக 30 மில்லி ஆம்பியர் அளவான கசிவுக்கே விழும்படி அமைக்கப்பட்டது. மனித உடலைக் காப்பது அதன் வேலை. சாதாரண சர்க்கிட் பிரேக்கர் வயர் சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பதற்கே உரியது, அது மனிதரைக் காக்காது. வயரின் உறை தகர விளிம்பில் உராய்ந்து தேய்ந்து, 230 வோல்ட் தகரத்தில் ஏறிவிட்டது என்று வையுங்கள். தகரம் எர்த்துடன் இணைக்கப்பட்டிருந்தாலும்கூட, ஆவணி, புரட்டாதியில் நமது மண் காய்ந்து வெடித்துக் கிடக்கும்போது எர்த் கம்பியின் தடை 50 ஓம் அளவுக்கு உயர்ந்திருந்தால், நிலத்துக்குள் பாய்வது 5 ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டமே. 20 ஆம்பியர் பிரேக்கர் அதற்கு அசையாது. ட்ரிப் இல்லாத அந்தத் தகரம், யாராவது வெறுங்காலுடன் வந்து தொடும்வரை மின்னேறியே நிற்கும். மாரி மழை தொடங்கி நிலமும் தகரமும் நனைந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

நீதிமன்றமும் இந்த இடத்தையே பார்க்கும். எங்கள் நாட்டில் இத்தகைய இழப்பீட்டுக் கோரிக்கைகள் ரோம-டச்சுச் சட்டத்தின் கவனயீனக் கோட்பாட்டின்படி தீர்மானிக்கப்படுகின்றன. நியாயமான ஒருவர் இந்த ஆபத்தை முன்கூட்டியே கண்டு தடுத்திருப்பாரா என்பதே அங்கு எழும் வினா. ட்ரிப் விழுந்துகொண்டிருந்தது ஓர் எச்சரிக்கை. காரணத்தைத் தேடாமல் அதைத் தவிர்த்து வயர் எடுத்தமை, ஆபத்தை அறிந்தும் விட்டதற்கான சான்றாகவே வாசிக்கப்படும். அயற்பிள்ளைகள் ஓடித்திரியும் வளவில், வேலி தாண்டி வந்தது பிள்ளையின் பிழை என்ற வாதம் அதிகம் எடுபடாது. அப்படி வாதாடுவதை நான் விரும்பவும் மாட்டேன். பிள்ளை உயிர் தப்பியதற்கு நன்றி சொல்லிக்கொள்ளுங்கள். உயிர் போயிருந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின் கீழ், கவனயீனத்தால் மரணம் விளைவித்த குற்றச்சாட்டுக்கு நீதவான் முன்னிலையில் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

ஆகவே இன்றே மெயின் சுவிட்சை நிறுத்தி, வயர் சென்ற வழியையும் அது தகரத்தைத் தொட்ட இடத்தையும் படமெடுத்த பின்னர், மின்னிணைப்பாளர் ஒருவரைக் கொண்டு அதை அகற்றுவியுங்கள். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால், அகற்றப்போவதைப் பொலிசுக்கு முதலில் அறிவியுங்கள். தடயத்தை மறைத்ததாகப் பெயர் வரக்கூடாது. வாக்குமூலத்தில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

கராஜுக்கு மீண்டும் மின்சாரம் எடுப்பதானால், பிரதான பலகையிலிருந்து அதற்கெனத் தனிச் சர்க்கிட்டும் தனிப் பிரேக்கரும், அவற்றைக் காக்கும் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப்பும் இருக்க வேண்டும். கவசமுள்ள கேபிளை நிலத்துக்குள் போதிய ஆழத்தில் பதிக்க வேண்டும். இரும்புச் சட்டமும் தகரமும் எர்த்துடன் இணைக்கப்பட வேண்டும். பிளக்குகள் நாட்டின் தரமான 13 ஆம்பியர் சதுர முள் வகையாக இருக்கட்டும். வெல்டிங் பிளான்ட்டை அந்த பிளக்கில் கொழுவக்கூடாது. அதற்குரிய இணைப்பைத் தகுதியுள்ளவரே தீர்மானிக்க வேண்டும். ட்ரிப்பிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி அது விழுந்தால் ட்ரிப் வேலை செய்கிறது என்று மட்டுமே அர்த்தம். எர்த் நன்றாக இருக்கிறது என்பது அதனால் நிரூபணமாகாது. எர்த்தின் தடையைக் கோடையிலேயே கருவியால் அளந்து, மின்னிணைப்பாளரின் கையொப்பத்துடன் அறிக்கை பெற்று வையுங்கள். நாளைக்கு உங்களுக்காகப் பேசப்போவது அந்தத் தாள்தான்.

துண்டிப்பு பற்றிய அச்சம் நியாயமானது. ஆபத்தான இணைப்பை விநியோகிப்பவர் துண்டிக்கலாம். ஆனால் நீங்கள் மின்சாரத் திருட்டுக் குற்றவாளியல்ல, ஏனெனில் வயர் மின்மானிக்குப் பின்னாலேயே எடுக்கப்பட்டது, ஒவ்வொரு அலகும் கணக்கில் விழுந்திருக்கிறது. இதை எழுத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். தவறு வேறோரிடத்தில் இருக்கிறது: வீட்டுப் பாவனைக் கட்டணத்தில் தொழில் நடத்தியது. கராஜுக்கு உரிய கட்டண வகையில் தனி மின்மானி கோரி விண்ணப்பியுங்கள். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டத்தால் மின்துறையின் அமைப்பு மாற்றப்பட்டிருப்பதால், உங்கள் மின்பட்டியலின் தலைப்பில் உள்ள நிறுவனத்தின் பெயருக்கே கடிதத்தை எழுதுங்கள். நியாயமான பதில் கிடைக்காவிடின் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

இழப்பீட்டைப் பொறுத்தவரை, வைத்தியச் செலவையும் பிள்ளையின் பயத்தையும் பற்றி நீங்களே முன்சென்று விசாரியுங்கள். சட்டம் குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்கானால் நீதிமன்றத்துக்கு முன் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைக்கே செல்ல வேண்டும். அங்கு இணக்கம் ஏற்பட்டால் அதை எழுதி இரு தரப்பும் கையொப்பமிடுங்கள்.

இன்னொன்று: உங்கள் காணி அரசு அனுமதிப்பத்திரத்தின் பேரில் வழங்கிய காணி என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். மருமகனிடம் இனி வாடகை வாங்க எண்ணினால், பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் குத்தகை எழுத வேண்டாம்.