கியர்பாக்ஸ் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா? பெங்களூரு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் இருப்பது இரண்டாம் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, 5 கியர் மேனுவல். கியர்பாக்ஸ் ஆயிலை அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலேயே மாற்ற நினைக்கிறேன். எங்கே தவறு நடக்கும்? (வாசகர், அல்சூர்)

பதில்: தாராளமாக மாற்றலாம். ஒரு விதியை மட்டும் மீறவே கூடாது. பக்கவாட்டில் இருக்கும் ஃபில்லர் பிளக் (ஆயில் ஊற்றும் துளையின் மூடி) கழன்று வந்த பிறகுதான் அடியிலுள்ள டிரெய்ன் பிளக்கை (ஆயில் வடிக்கும் துளையின் மூடி) தொட வேண்டும். பல வருடம் திறக்காத ஃபில்லர் பிளக் இறுகிப்போயிருக்கும். கீழே ஆயிலை வடித்துவிட்டு மேலே திறக்க முடியாமல் போனால், ஆயில் இல்லாத வண்டியை டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும்.

இந்த கியர்பாக்ஸுக்கு 2 லிட்டர் 75W-90 ஆயில் தேவை (அந்த எண் ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிப்பது). பம்பில் தங்குவதும் வழிவதும் போகும் என்பதால் மூன்று லிட்டர் வாங்குங்கள். இரண்டு பிளக்குக்கும் புது வாஷர், ஆறு முனை சாக்கெட், கைப்பம்பு, அளவுக் கோடு போட்ட பாத்திரம், நான்கு ஜாக் ஸ்டாண்டு ஆகியவையும் வேண்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் போட்டால் இறுகிய பிளக்கின் மூலைகள் மழுங்கிவிடும். முதல் நாள் இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள்.

வண்டியை 15 நிமிடம் ஓட்டி, பிறகு அதே அளவு நேரம் ஆறவிடுங்கள். ஆயில் சூடாக இருந்தால்தான் அடியில் படிந்த தூளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். ஆனால் எக்ஸாஸ்ட் குழாய் கியர்பாக்ஸை ஒட்டியே போகிறது. கை பட்டால் வெந்துவிடும்.

அடுத்தது மட்டம். நம் ஊர் பேஸ்மென்ட்களில் தண்ணீர் வடிவதற்காகத் தரையைச் சரிவாகவே போட்டிருப்பார்கள். முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் ஆயில் பின்னால் ஒதுங்கி, அளவு தப்பிவிடும். நான்கு மூலையும் ஸ்டாண்டில் ஏறிய பிறகு கதவுக்குக் கீழுள்ள சட்டத்தில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். உள்ளே நுழையும் முன் வண்டியைப் பலமாக ஒருமுறை ஆட்டிப் பார்ப்பது கட்டாயம். ஜாக்கை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது.

வடிந்த ஆயிலை அளந்து பாருங்கள். ஒன்றரை லிட்டர்தான் வந்தது என்றால் எங்கோ சீல் கசிகிறதா என்று பாருங்கள். டிரெய்ன் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம்தான். நகத்தில் நிரடும் இரும்புத் துண்டு இருந்தால் கியர்பாக்ஸைத் திறந்தே பார்க்க வேண்டும். ஆயிலில் பொன்னிறத் துகள் மின்னினால் அது சிங்க்ரோ வளையத்தின் (கியர் விழுமுன் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் வளையம்) பித்தளை.

அரை மணி நேரம் வடியவிட்டு, காந்தத்தைத் துடைத்து, புது வாஷருடன் மூடுங்கள். கியர்பாக்ஸ் கூடு அலுமினியம். மிஞ்சி இறுக்கினால் மரை போய்விடும். வண்டியின் மேனுவலில் (கையேட்டில்) சொன்ன டார்க் அளவை, அதாவது முறுக்கு விசையை, டார்க் ரெஞ்சில் வைத்தே இறுக்குங்கள். பிறகு ஃபில்லர் துளையின் கீழ் விளிம்பிலிருந்து ஆயில் வழியும் வரை பம்பு செய்து, வழிதல் நூல்போல மெலிந்ததும் மூடிவிடலாம்.

எம்எக்ஸ்-5-இல் பலருக்கும் தெரியாத இடம் ஒன்று உண்டு. கியர் லீவர் இறங்கும் குழியில் தனியாகக் கொஞ்சம் ஆயில் இருக்கும், சுமார் 90 மில்லி. கீழே எவ்வளவு ஊற்றினாலும் அது அங்கே போகாது. அங்குள்ள சிறிய ரப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றுங்கள். உள்ளே ஏறும் சூடும் குறையும், லீவரின் முரடும் போகும்.

கேள்வி: ஜே.சி. ரோடு கடையில் ஜிஎல்-5 கொடுத்து, ‘இது ஜிஎல்-4-ஐவிட உசத்தி’ என்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், ஃபிரேசர் டவுன்)

பதில்: ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் வகைகள். எண் பெரிது என்பதால் உசத்தி ஆகிவிடாது. ஜிஎல்-5 கிரவுனுக்காக, அதாவது டிஃபரன்ஷியலுக்காக உருவானது. அதிலுள்ள ஹைப்பாய்டு வகைப் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று தேய்த்து நகரும் அழுத்தத்தைத் தாங்க, கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானம் ஜிஎல்-5-இல் ஜிஎல்-4-ஐவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். சூட்டில் அந்தக் கந்தகம் பித்தளையை அரிக்கக்கூடும். இன்னொரு சிக்கலும் உண்டு. சிங்க்ரோ வளையம் வேலை செய்வதே உராய்வால்தான். ஆயில் மிஞ்சி வழுக்கினால் வேகம் ஒத்துப்போவதற்குள் கியர் பற்கள் மோதும். மேனுவல் இரண்டையும் அனுமதித்தாலும் கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 எடுப்பதே எங்கள் பரிந்துரை. மேனுவல் ஜிஎல்-4 மட்டும் கேட்டால் பேச்சுக்கே இடமில்லை.

75W-90 என்றதும் இன்ஜின் ஆயிலைவிடப் பல மடங்கு கெட்டி என்று பயப்பட வேண்டாம். கியர் ஆயிலின் அளவுகோல் வேறு. சூட்டில் அது கிட்டத்தட்ட 40, 50 எண் இன்ஜின் ஆயிலின் கெட்டிதான்.

கேள்வி: ஆயில் மாற்றிய பிறகும் டிசம்பர் காலையில் இரண்டாம் கியர் கரகரக்கிறது. (வாசகர், ஜாலஹள்ளி)

பதில்: தேய்ந்த சிங்க்ரோவை எந்த ஆயிலும் வளர்க்காது. ஆனால் அதன்மேல் பழி போடுமுன் கிளட்சைச் சோதியுங்கள். இன்ஜின் ஓடும்போது நியூட்ரலில் கிளட்சை முழுவதும் மிதித்து, ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கரகரத்தால் கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. அதன் ஹைட்ராலிக் திரவத்தையும் சிலிண்டர்களையும் பாருங்கள். ரிவர்ஸ் அமைதியாக விழுந்து, குளிரில் இரண்டாம் கியர் மட்டும் முரண்டு பிடித்தால் சிங்க்ரோதான். முதல் சில கிலோமீட்டர் மெதுவாக மாற்றி ஓட்டுங்கள்.

கேள்வி: மழையில் பெல்லந்தூர் பக்கம் வண்டி தண்ணீரில் நின்றுவிட்டது. இன்ஜினைச் சரிசெய்துவிட்டார்கள். கியர்பாக்ஸையும் பார்க்க வேண்டுமா? (வாசகர், ஒயிட்ஃபீல்டு)

பதில்: உடனே பாருங்கள், அதுவரை ஓட்டாதீர்கள். சூடான கியர்பாக்ஸ் தண்ணீரில் மூழ்கினால் உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் (காற்று போய்வரும் சிறு துளை) வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. பேரிங்குகள் துருப்பிடிக்கத் தொடங்கும். அதே கிரேடில் விலை குறைந்த ஆயிலை ஊற்றி 20 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி வடியுங்கள். நிறம் தெளியும்வரை திரும்பச் செய்து, கடைசியில் நல்ல ஆயிலை ஊற்றுங்கள். பிரீதர் அடைப்பையும் கிரவுன் ஆயிலையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. கேனில் அடைத்து, கழிவு ஆயிலை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள்.