உச்சியில் நிற்கும் குழந்தை நட்சத்திரம்: வாயு விழுவதை ஆறங்குலத் தொலைகாட்டியில் பார்க்கலாமா?

உப்புவெளியிலிருந்து ஒரு விஞ்ஞான ஆசிரியர் கேட்கிறார்: "எங்கள் பாடசாலையில் ஆறங்குலத் தெறிப்புத் தொலைகாட்டி ஒன்று இருக்கிறது. உருவாகிக்கொண்டிருக்கும் நட்சத்திரங்கள்மேல் வாயு கொட்டுவதாகப் படித்தோம். திருகோணமலையிலிருந்து அதைக் காண முடியுமா? பிள்ளைகளை வைத்து எதை அளக்கலாம்?"

விழும் தாரையைக் காண முடியாது. விழுந்து மோதும் இடத்தின் ஒளியைக் காணலாம், அளக்கவும் செய்யலாம்.

வாயு நேரே வந்து விழுவதில்லை. சுழற்சி விடாதபடியால் முதலில் நட்சத்திரத்தைச் சுற்றித் தட்டையான வட்டாகப் படிந்து, மெல்ல மெல்ல உள்ளே நகர்கிறது. நட்சத்திரத்தின் ஆரையைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு தூரத்துக்கு வந்ததும் காந்தப்புலம் மறிக்கிறது. அதன் வலிமை ஆயிரம் காஸ் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு), அதற்கும் மேல். பூமியின் புலம் அரைக் காஸ்தான். அங்கிருந்து வாயு காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு செக்கனுக்கு 300 கிலோமீற்றர் அளவில் பாய்கிறது. கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போகும் தூரம், ஒரே செக்கனில். 4,000 பாகை அளவுள்ள மேற்பரப்பில் அது மோதும் திட்டுகள் 10,000 பாகை வரை கொதிக்கும். சாதாரணமாக ஒரு குழந்தை நட்சத்திரம் ஆண்டுக்குச் சூரிய நிறையில் பத்துக் கோடியில் ஒரு பங்கை விழுங்கும். நாலு வருடத்துக்கு ஒரு நிலா என்று வையுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உங்கள் ஊருக்கு நேர் மேலே இருக்கிறது. ஓரியன் மண்டலத்திலுள்ள எஃப்.யூ. ஓரியோனிஸ் என்ற குழந்தை நட்சத்திரம் 1936-37இல் 16ஆம் ஒளிப்பருமனிலிருந்து (எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்) 10ஐயும் தாண்டிப் பிரகாசமானது, அதாவது 250 மடங்குக்கு மேல். ஏறத்தாழ 90 வருடமாகியும் முழுதாக அடங்கவில்லை. வட்டின் உட்பகுதியில் தேங்கிய வாயு கந்தளாய்க் குளத்து வான்கதவு திறந்ததுபோலப் பாய்ந்தது என்பது ஒரு விளக்கம். விழும் அளவு ஆண்டுக்குச் சூரிய நிறையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை போகும்: நாளுக்கு ஏழு நிலா! அங்கே வட்டின் ஒளி நட்சத்திரத்தின் ஒளியைப் பல மடங்கு மிஞ்சிவிடுகிறது. ஆகவே கண்வில்லையில் நீங்கள் காணும் புள்ளி, உள்ளே போய்க்கொண்டிருக்கும் வாயுவேதான்.

இடம் பிடிப்பது எளிது. ஓரியனின் தலையிலுள்ள மிருகசீரிடத்துக்கும் சிவந்த திருவாதிரைக்கும் இடையே கோடு இழுங்கள். அதன் நடுப்புள்ளியிலிருந்து வடக்கே, நிலாவின் அகலத்துக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. அதன் நடுவரைவிலக்கம் (வானத்தின் அகலக்கோடு) வடக்கு 9 பாகை, திருகோணமலையின் அகலக்கோடு 8.6. எனவே உச்சந்தலைக்கு மேலாகவே கடந்துபோகும். இதில் ஒரு சிக்கல் உண்டு: பெட்டித் தளத்தில் திரும்பும் தொலைகாட்டியை உச்சியில் பிடிக்க முடியாது; தளத்தை எவ்வளவு சுற்றினாலும் குழாய் நகராது. பெப்ரவரி நடுப்பகுதியில் இரவு 8.10 அளவில் உச்சிக்கு வரும். 7.15க்குப் பாருங்கள், 14 பாகை கிழக்கே இருக்கும். கடற்பக்கம் இருட்டாகவும் இருக்கும்.

வாடை மழை ஓயுமுன் தொடங்க வேண்டாம். தை கடைசியிலிருந்து வானம் திறக்கும், ஆனால் "மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பது தொலைகாட்டியின் கண்ணாடியான ஆடிக்கும் பொருந்தும். குழாயின் வாயில் ஓரடி நீளத்துக்குக் கறுப்பு மட்டையைச் சுற்றிவிடுங்கள். ஆடியில் படிந்த பனியைத் துணியால் துடைத்தால் கடற்காற்று கொண்டுவந்த உப்புமணி அலுமினியப் பூச்சைக் கீறிவிடும். தானாக உலர விடுங்கள். உப்புப் படிந்திருந்தால் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிக் கழுவினால் போதும்.

அளப்பதற்கு எஃப்.யூ. ஓரியோனிஸ் உகந்ததல்ல; அதன் மாற்றம் மிக மெதுவானது. ஓரிகா மண்டலத்திலுள்ள ஆர்.டபிள்யூ. ஓரிகேயை எடுங்கள். அதன் ஒளிப்பருமன் பெரும்பாலும் 10க்கும் 12க்கும் இடையில் ஆடும், ஓரிரவுக்குள்ளேயே பத்தில் சில பங்கு மாறிவிடும். அமெரிக்க மாறொளி நட்சத்திர நோக்குநர் சங்கத்தின் தளத்தில் அதற்குரிய வரைபடம் இலவசமாகக் கிடைக்கும். அதில் 102 என்றிருந்தால் 10.2 என்று வாசிக்க வேண்டும். தசமப்புள்ளியை நட்சத்திரமென்று மயங்காதிருக்க அப்படி அச்சிடுகிறார்கள். சற்றுப் பிரகாசமான ஒன்றையும் சற்று மங்கிய ஒன்றையும் தெரிந்து, நம்முடையது இடையில் எங்கே நிற்கிறதென மதிப்பிடுங்கள். 10.2க்கும் 10.8க்கும் இடையில் மூன்றிலொரு பங்கு இறங்கியிருந்தால் 10.4. கூடவே திகதி, நேரம். பிள்ளைகள் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது; முதலாமவர் சத்தமாகச் சொன்னால் மிச்சப் பேர் எல்லோருக்கும் அதே எண்தான் வரும். ஒருவர் கணிப்பில் 0.2 வரை பிழை வருவது இயல்பு, எனவே ஐந்து பேரின் இடைநிலையை எடுங்கள். நிலா பெரிதாக இருக்கும் நாட்களில் ஓய்வு.

மங்கினால் உடனே "வாயு குறைந்துவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள். இந்த நட்சத்திரம் 2010-11இலும் பிறகு 2014 முதல் 2016 வரையிலும் மாதக்கணக்கில் வெகுவாக மங்கியது; தூசு குறுக்கே வந்து மறைத்ததே அதற்குச் சொல்லப்படும் காரணம். தூசா வாயுவா என்று பிரித்தறிய ஐதரசனின் 656 நனோமீற்றர் சிவப்புக் கோட்டை நிறமாலையில் பார்க்க வேண்டும். சாதாரண டிஎஸ்எல்ஆர் கமராவின் உள்வடிகட்டி அந்தச் சிவப்பின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அந்த வேலைக்கு வடிகட்டி நீக்கிய கமரா வேண்டும்.