கம்பி விட்டதும் கிணற்றுத் தண்ணீர் பழுப்பானது ஏன்?

கேள்வி: ஐயா, எங்கள் வீடு திருகோணமலைச் சாம்பல்தீவில். 20 வருடமாக எங்கள் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். போன கிழமை தண்ணீரைச் சுத்தமாக்குகிற மெசின் விற்கிற இரண்டு பெடியன்கள் வந்தார்கள். ஒரு கிளாசில் எங்கள் தண்ணீர், மற்றதில் அவர்கள் கொண்டுவந்த தண்ணீர். இரண்டுக்குள்ளும் கம்பி விட்டுக் கரண்டைப் போட்டார்கள். ஒரு நிமிடத்தில் எங்களுடையது சேறு மாதிரிப் பழுப்பாகிவிட்டது, அவர்களுடையது தெளிவாகவே நின்றது. சின்ன மீட்டர் ஒன்று 640 என்று காட்டியது. "இதைக் குடித்தால் கிட்னி போகும் அக்கா" என்றார்கள். மெசின் ஒன்றரை இலட்சம், தவணைக்கும் தருவார்களாம். கண்ணுக்கு முன்னால் செய்த விஞ்ஞானச் சோதனை தானே, இனி என்ன யோசனை என்கிறார் வீட்டுக்காரர். முற்பணம் கட்டட்டா?

பதில்: கட்டவேண்டாம், தங்கச்சி. கட்டிவிட்டீர்கள் என்றால் ரசீதைக் கவனமாக வைத்திருங்கள். மிச்சத் தவணைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

நீங்கள் பார்த்த பழுப்பு நிறம் உண்மை. அது கிணற்றிலிருந்து வரவில்லை, கம்பியிலிருந்து வந்தது. அந்தக் கருவியில் ஒரு கம்பி இரும்பு. உப்புக்கள் கரைந்த தண்ணீரில் மின் ஓடும். ஓடும்போது இரும்பு கரைந்து இறங்கும். முதலில் பச்சை கலந்த அழுக்கு நிறம், பிறகு துருவின் நிறம். எவ்வளவு மின் ஓடினால் எவ்வளவு உலோகம் கரையும் என்று மைக்கேல் பரடே என்ற விஞ்ஞானி 1830களிலேயே கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். எடுத்துக்காட்டுக்கு, ஒரு அம்பியர் ஒரு நிமிடம் ஓடினால் ஏறக்குறைய 17 மில்லிகிராம் இரும்பு. 200 மில்லிலீற்றர் கிளாசில் அது லீற்றருக்கு 87 மில்லிகிராம். குடிநீரில் இரும்பு லீற்றருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இலங்கைத் தரம். இந்தக் கணக்கின்படி ஒரு நிமிடத்தில் உங்கள் தண்ணீரை அதைவிட 290 மடங்கு கெடுத்துவிட்டு, அதையே உங்களிடம் காட்டிப் பயப்படுத்தியிருக்கிறார்கள்.

அவர்களுடைய தண்ணீர் ஏன் தெளிவாக நின்றது? அதில் உப்புச் சத்து மிகக் குறைவு. மின் ஓடாது, கம்பி கரையாது. அந்தக் கிளாசில் ஒரு சிட்டிகை கறியுப்பைப் போட்டுத் திரும்பக் கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். இதைக் கேட்ட இடங்களில் பெடியன்கள் பையைக் கட்டிவிடுவார்கள். தெருவில் வீடு வீடாக அலைகிற பிள்ளைகளைக் குறைசொல்லி வேலையில்லை. ஒரு மெசின் விற்றால் இவ்வளவு என்று கொமிஷனைக் காட்டி, அந்தப் பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்புகிறவர் வேறெங்கோ ஏசி அறையில் இருக்கிறார்.

இது விஞ்ஞானச் சோதனை தானே என்று வீட்டுக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. கிளாஸ், கம்பி, மீட்டர், மின்சாரம், எல்லாம் இருந்தன. இல்லாதது ஒன்றுதான்: உங்கள் கிணறு சித்தியடைய ஒரு வழி. திருகோணமலையில் எந்தக் கிணற்றிலிருந்து அள்ளினாலும், கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிற குழாய்த் தண்ணீரைப் பிடித்தாலும், அந்தக் கம்பி பழுப்பைத்தான் காட்டும். எல்லாரும் பெயிலாகிற பரீட்சையை வைத்து யார் கெட்டிக்காரன் என்று சொல்ல முடியுமா? விஞ்ஞானி ஒருவர் சோதனைக்கு முன்பே தன்னைக் கேட்டுக்கொள்வார்: என்ன விடை வந்தால் நான் நினைத்தது பிழை என்று ஒப்புக்கொள்வேன்? அந்தக் கேள்விக்கு விடை இல்லாவிட்டால் அது வெறும் வேடிக்கை.

வீட்டிலேயே செய்துபாருங்கள். வீட்டுக் கரண்டில் கைவைக்காதீர்கள். கடையில் விற்கிற 9 வோல்ற் பற்றரி போதும். மூன்று கிளாசிலும் உங்கள் கிணற்றுத் தண்ணீர். முதல் கிளாசில் இரண்டு இரும்பாணி. இரண்டாவதில் இரு முனையும் சீவிய இரண்டு பென்சில். பற்றரியின் இரு முனைகளிலிருந்தும் வயர் எடுத்து முதலில் ஆணிகளுக்கு அரை மணித்தியாலம், பிறகு பென்சில்களுக்கு அரை மணித்தியாலம் கொடுங்கள். ஆணிகளோ பென்சில்களோ ஒன்றோடொன்று முட்டக்கூடாது. ஆணிக் கிளாஸ் துருநிறமாகும். பென்சில் கிளாசில் குமிழி வரும், கொஞ்சம் கருந்தூள் உதிரலாம், பழுப்பு வராது. தண்ணீர் ஒன்று, பற்றரி ஒன்று, நேரம் ஒன்று. மாறியது கம்பி மட்டும்தான். ஆகவே நிறம் கம்பியினுடையது. ஒன்றை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் அப்படியே வைத்திருப்பதுதான் விஞ்ஞானச் சோதனையின் உயிர்.

1854இல் லண்டனில் வாந்திபேதி பரவியபோது ஜோன் ஸ்னோ என்ற மருத்துவர் செய்ததும் இதைத்தான். ஒரே தெருக்களில் அடுத்தடுத்த வீடுகளுக்கு இரண்டு கம்பனிகள் தண்ணீர் கொடுத்தன. ஒரு கம்பனி நகரத்துக் கழிவு கலந்த இடத்தில் தேம்ஸ் ஆற்றுத் தண்ணீரை எடுத்தது. மற்றது 1852இலேயே மேற்பக்கம் போய்விட்டது. காற்றும் தெருவும் ஒன்று, தண்ணீர் மட்டும் வேறு. வீடு வீடாகப் போய் எந்தக் கம்பனித் தண்ணீர் என்று கேட்டு எண்ணினார். அழுக்குத் தண்ணீர் வீடுகளில் சாவு பல மடங்கு. அவரிடம் கம்பியும் இல்லை, மீட்டரும் இல்லை.

மூன்றாவது கிளாஸ் எதற்கு என்று கேட்பீர்கள். அதில் ஒன்றும் விடாமல் விடியும்வரை மூடாமல் வையுங்கள். சில இடங்களில், முக்கியமாகக் குழாய்க் கிணறுகளில், நிலத்தடித் தண்ணீரிலேயே இரும்பு கரைந்திருக்கும். அள்ளும்போது கண்ணாடி மாதிரித் தெளிவு. காற்றுப் பட்டால் மெல்ல மெல்லச் சிவந்து, அடியில் காவிப்பொடியாகப் படியும். வெள்ளைச் சேட்டு தோய்த்தால் மஞ்சள் கறை விழும். தேத்தண்ணி போட்டால் மை மாதிரிக் கறுக்கும். தேயிலைச் சாயத்தோடு இரும்பு சேர்ந்தால் அப்படித்தான். தொட்டிச் சுவரில் செம்மண் நிறத்தில் வழவழப்பாகப் பாசி போல ஒன்றும் பிடிக்கும். இந்த அடையாளங்கள் இருந்தால் உங்கள் தண்ணீரில் உண்மையிலேயே இரும்பு கூட. அப்போதும் அது நஞ்சு என்று அர்த்தமில்லை. சுவையும் கறையும்தான் தொல்லை. அதற்கு வைத்தியம் தண்ணீரை உயரத்திலிருந்து தெளித்து விழவைத்துக் காற்றுப் படவிட்டு, மணலில் வடித்தெடுப்பது. அப்படி வடிக்காமல் அந்தத் தண்ணீரை ஒன்றரை இலட்சத்து மெசினுக்குள் விட்டால் தண்ணீரை வடிக்கிற அதன் சவ்வை இரும்பு அடைத்துவிடும். பிறகு சவ்வு மாற்றவும் காசு, மாற்ற வருகிறவருக்கும் காசு. விற்கும்போது இதை யாரும் சொல்லமாட்டார்கள்.

இனி அந்த 640. மீட்டர் பொய் சொல்லவில்லை. அது அளப்பது தண்ணீரில் மின் எவ்வளவு இலகுவாக ஓடுகிறது என்பதை மட்டும். அதிலிருந்து ஒரு பெருக்கல் போட்டுக் கரைந்த உப்புக்களின் அளவை, லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்று காட்டுகிறது. இலங்கைத் தரம் 500. அதைவிட உங்களுடையது கொஞ்சம் கூடத்தான், மறைக்கவில்லை. ஆனால் 600க்குள் நல்ல சுவை, 1000 தாண்டினால் வாய்க்குப் பிடிக்காது என்பதுதான் உலக சுகாதார அமைப்பின் கணக்கு. இளநீரில் விட்டால் ஆயிரக்கணக்கில் ஓடும். மண்ணெண்ணெயில் விட்டால் 0 காட்டும். எதைக் குடிக்கப் போகிறீர்கள்? கரையோரத்தில் சவர் ஏறிவிட்ட கிணறு என்றால் கதை வேறு. அதை நாக்கே சொல்லிவிடும்.

கிட்னிக் கதைதான் எனக்கு ஆத்திரம் மூட்டுகிறது. அனுராதபுர மாவட்டத்துப் பதவியாப் பக்கத்தில் 1990களிலிருந்து சிறுநீரக வருத்தம் ஏன் வருகிறது என்று எத்தனையோ ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். புளோரைட், தண்ணீரின் கடினத்தன்மை, வயலுக்கு அடிக்கிற கிருமிநாசினி, பார உலோகம், வெயிலில் வேலை என்று ஒவ்வொன்றையும் சோதித்தும், இதுதான் என்று எல்லாரும் ஒப்பும் ஒரே காரணம் இன்னும் கைக்கு வரவில்லை. உங்கள் முற்றத்தில் நின்ற பெடியன் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டான்!

நம் பள்ளிக்கூடங்களையும் சொல்லவேண்டும். அவதானம், கருதுகோள், பரிசோதனை, முடிவு என்று ஒழுங்காக எழுதிப் பிள்ளைகள் முழுப் புள்ளி எடுக்கிறார்கள். அதே பிள்ளை முற்றத்தில் நின்று அந்தக் கிளாஸைப் பார்த்திருக்கும். "அண்ணா, கம்பியை மாத்திப் பாப்பமா?" என்று கேட்க யாரும் பழக்கவில்லை.

நீங்கள் உண்மையில் பயப்படவேண்டியது கிருமிக்கு. அந்தக் கம்பியும் மீட்டரும் அதைக் காணவே காணாது. உங்கள் பக்கம் மணல் நிலம். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடியாவது இருக்கிறதா என்று முதலில் அளந்துபாருங்கள். உங்கள் குழி மட்டுமல்ல, வேலிக்கு அங்கால் இருக்கிற அயலவரின் குழியையும்.

பிறகு தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) கேளுங்கள், அல்லது நீர் வழங்கல் சபையில் கட்டணம் கட்டிக் கொடுங்கள். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தருகிற கிருமி நீக்கிய போத்தலில்தான் எடுக்கவேண்டும். சோடாப் போத்தல் சரிவராது. ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோங்கள். ஒருமுறை நான் அப்படிக் கொண்டுபோய்க் கொடுத்ததை ஓர் அரச ஆய்வுகூடத்தில் வாங்கி, வெயில் விழுகிற யன்னல் கட்டில் வைத்துவிட்டுத் தேநீருக்குப் போனார்கள். அறிக்கை ஏழு கிழமை கழித்து வந்தது, தமிழில் ஒரு சொல் இல்லாமல். ஆகவே கொடுக்கும்போது நேரத்தை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கிருமியோடு புளோரைட், நைத்திரேற்று, கடினத்தன்மை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒருமுறை போதாது. மாரி பிடித்து இரண்டு மூன்று கிழமையில் ஒன்று, கோடை முடிகிற நேரம் ஒன்று. மழைக்குக் கிருமி இறங்கும், வெயிலுக்கு உப்பு ஏறும். அதுவரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடியுங்கள். கேத்தலில் வெள்ளைப் படை பிடித்தால் பதறவேண்டாம், அது சுண்ணாம்பு. தேசிக்காய்ப் புளி விட்டு ஊறவைத்தால் கழன்றுவிடும்.