குமுளியில் போட்ட பில் கம்பத்துக்குப் போன கதை

கேள்வி: ஏலக்காய் வியாபாரி ஒருவருக்கு சி ஷார்ப்பில் பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். போடி ஆபீஸில் ஒரு சர்வர், வண்டன்மேட்டுக் குடோனில் ஒரு சர்வர். முதலாளி ஒரே லேப்டாப்போடு மலை ஏறி இறங்குகிறார். ஒவ்வொரு தடவையும் டபிள்யூ.சி.எஃப். (புரோகிராமும் சர்வரும் பேசிக்கொள்ள மைக்ரோசாஃப்ட் தந்த ஏற்பாடு) சர்வீஸ் முகவரியை மாற்றி, மறுபடி பில்ட் செய்து அனுப்புகிறேன். வேறு வழி உண்டா?
- வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: பில்ட்டே வேண்டாம், தம்பி. அந்த முகவரி இஎக்ஸ்இ-க்குப் பக்கத்திலேயே கான்ஃபிக் ஃபைலில் இருக்கிறது. நோட்பேடில் திருத்தி, புரோகிராமை மூடித் திறந்தால் போதும். ஆனால் முதலாளி கையில் அந்த ஃபைலைக் கொடுத்தால் ஒரு மேற்கோள் குறியை அழித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்குப் போன் போடுவார்.

அதனால் லாகின் திரையில் இரண்டு ஊரையும் பட்டியலாக வையுங்கள். கிளையண்டை (சர்வரோடு பேசும் பகுதியை) உருவாக்கும் 'நியூ' வரியில் எண்ட்பாயிண்டின் (கான்ஃபிக்கில் ஒரு சர்வருக்கான முகவரியும் பைண்டிங்கும் சேர்ந்த பதிவின்) பெயரோடு, தேர்ந்தெடுத்த ஊரின் முகவரியையும் கொடுங்கள். பைண்டிங், அதாவது சர்வரோடு எப்படிப் பேசுவது என்ற அமைப்பு, கான்ஃபிக்கிலிருந்தே வரும். முகவரி மட்டும் நீங்கள் சொன்னது.

உருவாக்கிய பிறகு 'கிளையண்ட்.எண்ட்பாயிண்ட்.அட்ரஸ்' என்பதையும் மாற்றலாம்தான். ஆனால் முதல் அழைப்புக்கு முன்னால் மட்டும். இதில் நான் சூடுபட்டவன். கம்பம் சர்வரில் பாஸ்வேர்டைச் சரிபார்த்துவிட்டு, அதே கிளையண்டில் குமுளி முகவரியைத் திணித்தேன். எரர் எதுவும் வரவில்லை. திரையில் குமுளி என்றுதான் இருந்தது. சாயங்காலம் இருப்புப் பார்த்த குடோன் கணக்கர், "சாரே, சரக்கு எவிடெ?" என்றார். மூட்டை கண் முன்னால் இருக்கிறது, கணக்கு கம்பத்தில்! சேனல், அதாவது கிளையண்டிலிருந்து சர்வருக்குப் போகும் இணைப்பு, ஒரு தடவை திறந்துவிட்டால் பழைய முகவரியையே பிடித்துக்கொள்ளும். ஊர் மாறினால் பழைய கிளையண்டை 'குளோஸ்' செய்து (அது பழுதாகிக் கிடந்தால் 'அபார்ட்') புதிதாக ஒன்றை உருவாக்குங்கள்.

ஒரு சர்வர் எச்.டி.டி.பி., இன்னொன்று எச்.டி.டி.பி.எஸ். என்றால் முகவரியை மட்டும் மாற்றிப் பயனில்லை. பைண்டிங்கின் செக்யூரிட்டி மோடும் 'டிரான்ஸ்போர்ட்' ஆக வேண்டும். கான்ஃபிக்கில் இரண்டு எண்ட்பாயிண்ட் எழுதிப் பெயரால் கூப்பிடுவது சுலபம்.

அப்புறம், பில் திரையின் அடியில் பட்டியலில் தேர்ந்தெடுத்த ஊரைக் காட்டாதீர்கள். சேனல் உண்மையில் பிடித்திருக்கும் முகவரி என்று 'கிளையண்ட்.இன்னர்சேனல்.ரிமோட்அட்ரஸ்' என்ன சொல்கிறதோ அதைக் காட்டுங்கள். நான் அன்றைக்குக் காட்டியது பட்டியலைத்தான்.