சம்பளத்தோடு கலாநிதிப் பட்ட ஆய்வு

கேள்வி: உயிரியலில் நான்காண்டுச் சிறப்புப் பட்டம் பெற்று, மாங்குளத்தில் தனியார் வகுப்பொன்றில் கற்பிக்கிறேன். உயிர்த்தகவலியலில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்ய விருப்பம். வெளிநாட்டில் இடம் எடுத்துத் தருவதாகச் சொல்லும் முகவர் பெருந்தொகை கேட்கிறார். வீட்டில் அதற்கு வசதியில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, மல்லாவி

பதில்: முகவருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். உயிரியல் தரவுகளைக் கணினியால் ஆராயும் இத்துறையில் தகுதியான ஆய்வு மாணவருக்குப் பல்கலைக்கழகமே பணம் தருகிறது. மாணவர் பணம் கொடுத்து இடம் வாங்குவதில்லை. நெதர்லாந்து, சுவீடன், நோர்வே, டென்மார்க் ஆகிய நாடுகளில் கலாநிதிப் பட்ட ஆய்வாளர் பெரும்பாலும் மாதச் சம்பளம் பெறும் ஊழியராகவே சேர்க்கப்படுகிறார். ஜேர்மனியிலும் பல இடங்கள் அவ்வாறே. ஆகவே புலமைப்பரிசில் அறிவித்தல்களோடு நின்றுவிடாமல், வேலை வெற்றிடங்களைத் தேடுவதுபோலத் தேடுங்கள். ஐரோப்பிய ஆணைக்குழு நடத்தும் யூராக்செஸ் தளத்தில் இவ்வெற்றிடங்கள் ஆண்டு முழுவதும் வெளியாகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் கலாநிதிப் பட்ட ஆய்வாளரைச் சேர்க்கும் மரி கியூரி முனைவர் வலையமைப்பு இடங்களும் அங்கு காணப்படும். அவற்றுக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஆய்வாளராகச் சேரும் நாட்டில், சேர்வதற்கு முந்திய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் வாழ்ந்திருக்கக் கூடாது என்பது விதி. ஊரிலிருந்தே விண்ணப்பிக்கும் உங்களுக்கு அது தடையல்ல.

ஐரோப்பாவில் பல இடங்கள் முதுமாணிப் பட்டம் கேட்கும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும், யப்பானின் ஒகினாவா விஞ்ஞான தொழில்நுட்ப நிறுவகமும், இளமாணிப் பட்டத்தோடு வருவோரையும் கலாநிதிப் பட்டத்துக்கு ஏற்கின்றன. உங்கள் நான்காண்டுப் பட்டத்துக்கு இவற்றையே முதலில் பாருங்கள்.

எனினும் தெரிவைத் தீர்மானிப்பதில் நீங்கள் செய்துகாட்டிய வேலைக்குப் பெரும் பங்கு உண்டு. வன்னியில் நவீன ஆய்வுகூடம் இல்லையே என்ற ஏக்கம் வேறு துறைகளில் நியாயமானது. உயிர்த்தகவலியலில் அது அவ்வளவு பெரிய தடையல்ல, ஏனெனில் உலகின் ஆய்வுகூடங்கள் பெற்ற மரபணுத் தரவுகளில் பெரும்பகுதி எவரும் இலவசமாக இறக்கிப் பயன்படுத்தும் வகையில் பொதுக் களஞ்சியங்களில் கிடக்கிறது. வயல் சூழ்ந்த ஊரில் இருக்கும் உங்களுக்குப் பொருத்தமான ஓர் உதாரணம் சொல்கிறேன்: ஏறத்தாழ 3,000 நெல் வகைகளின் மரபணுத்தொகுதித் தரவுகள் 2014 இல் வெளியிடப்பட்டன. உவரையோ வெள்ளத்தையோ தாங்கும் தன்மையோடு தொடர்புடைய ஒரு மரபணுவை மட்டும் எடுத்து, அது வகைக்கு வகை எவ்வாறு வேறுபடுகிறது என்று ஆராயுங்கள். இதற்குப் பைதான் அல்லது ஆர் என்னும் நிரல்மொழியும் லினக்ஸ் இயங்குதளக் கட்டளைகளும் வேண்டும். இரண்டையும் இணையத்தில் இலவசமாகக் கற்கலாம். மடிகணினியின் வலு போதாவிட்டால் கலக்ஸி என்னும் இலவசத் தளத்தின் சேவையகங்களிலேயே பகுப்பாய்வை ஓட்டலாம். நிரலையும் முடிவையும், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பதிவேற்றி வையுங்கள்.

பிறகு பேராசிரியர்களுக்கு எழுதுங்கள். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்புவது வீண். ஒருவருடைய அண்மைய கட்டுரையை உண்மையாகவே வாசித்து, அதில் உங்களுக்கு எழுந்த கேள்வியையும், நீங்கள் செய்த பகுப்பாய்வின் இணைப்பையும் அரைப்பக்கத்துக்குள் எழுதுங்கள். பதில் வராவிட்டால் சில வாரங்களின் பின் ஒருமுறை பணிவாக நினைவூட்டலாம்.

ஆங்கில மொழித் தேர்வுக் கட்டணம் சுமையாக இருந்தால், ஆங்கில மொழிமூலம் கற்றதாக உங்கள் பல்கலைக்கழகப் பதிவாளரிடம் கடிதம் பெறுங்கள். அதை ஏற்கும் இடங்கள் உண்டு. அமெரிக்காவில் விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுமாறு கேட்கலாம். அங்கு பல விண்ணப்பங்கள் டிசெம்பரில் முடிவடைவதால், பரிந்துரைக் கடிதம் தரவேண்டிய உங்கள் விரிவுரையாளர்களிடம் செப்டெம்பரிலேயே பேசிவிடுங்கள்.