மகன் வந்தால் வீடே வந்த மாதிரி

ஐயா, வணக்கம்.

நான் சென்னிமலையில் போர்வை நெய்கிறவன். போன மாதம் நண்பர் ஒருவருடன் கருமத்தம்பட்டி செபமாலை அன்னை ஆலயத்துக்குப் போயிருந்தேன். இயேசுவைப் பற்றி ‘தந்தையோடு ஒரே பொருளானவர்’ என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். எனக்குப் பிடிபடவில்லை. மகன் என்றாலே தகப்பனுக்குப் பின்னால் வந்தவன்தானே? பின்னால் வந்தவர் எப்படி ஆதிக் கடவுளாக இருக்க முடியும்? எங்கள் மலை முருகனைச் சிவன் மகன் என்கிறோமே, அது போலவா? இயேசு பெரிய மகான் என்று சொன்னால் போதாதா?

– ஒரு வாசகர், சென்னிமலை

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்டதைத்தான் 1,700 ஆண்டுகளுக்கு முன் அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற குரு சொன்னார். மகன் இல்லாத ஒரு காலம் இருந்தது என்பது அவர் வாதம். திருச்சபையே கலங்கிப்போனது. 325இல் நிசேயா நகரில் ஆயர்கள், அதாவது திருச்சபைத் தலைவர்கள், கூடி அவருக்குச் சொன்ன மறுமொழியைத்தான் கருமத்தம்பட்டியில் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

எல்லோரும் சேர்ந்து சொன்ன அந்த விசுவாச அறிக்கையில், நீங்கள் குறிப்பிட்ட வரிக்குச் சற்று முன்னால், ‘உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர்’ என்று வரும். நெசவாளருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தறியிலிருந்து இறங்கும் போர்வை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் நூல்தான். அதை நெய்தவரின் மகனோ அவரைப் போலவே மனிதன். உலகம் கடவுளின் கைவேலை. இயேசு அந்தக் கைவேலையில் ஒன்று அல்லர், அவர் தந்தையின் தன்மையே கொண்டவர் என்பதற்காகத்தான் ‘மகன்’ என்ற சொல். இதில் உடலும் இல்லை, மனைவியும் இல்லை.

முன்பின் என்ற கணக்குக்கு வருகிறேன். பிள்ளை பிறக்கிற அன்றுதான் தகப்பனும் பிறக்கிறான். அதுவரை அவன் வெறும் ஆள். மகன் இல்லாத காலம் ஒன்று இருந்திருந்தால் அப்போது கடவுள் தந்தையாக இருந்திருக்க மாட்டார். தந்தைமை அவருக்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டதாகிவிடும். ஆரியுஸை எதிர்த்த அத்தனாசியு இந்த இடத்தைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டார். ஒளி இல்லாத சூரியன் ஒருநாளும் இருந்ததில்லையே என்று கேட்டார். இதற்காக ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

முருகனைப் பற்றிக் கேட்டீர்கள். ஆறுமுகனும் தாமும் வேறல்ல என்று சிவனே சொல்வதாகக் கந்தபுராணத்தில் வருகிறது. ஆகவே தந்தையும் மகனும் ஒன்று என்ற பேச்சு சென்னிமலைக்காரருக்கு அந்நியமாக இருக்கக் கூடாது. ஆனால் நாங்கள் சொல்கிற மகன் ஒரு தாயின் வயிற்றில் மனிதனாகப் பிறந்து, பொந்தியு பிலாத்து என்ற ரோம ஆளுநரின் காலத்தில் சிலுவையில் செத்தவர். அறிக்கையில் அந்த அதிகாரியின் பெயரையும் சேர்த்தே சொல்கிறோம்.

மகான் என்றால் போதாதா என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத கேள்வி.

என் அப்பா காங்கேயம் பக்கம் ஒரு பண்ணையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். அவர் இறந்த அன்று காலையில் பண்ணையத்திலிருந்து ஓர் ஆள் வந்து மாலையும் பணமும் கொடுத்துவிட்டுப் போனார். நன்றியோடு வாங்கிக்கொண்டோம். மத்தியானம் பண்ணையக்காரரின் மூத்த மகன் வந்தார். பெஞ்சு போட்டிருந்தும் அதில் உட்காராமல் என் சித்தப்பாக்களோடு தரையில் உட்கார்ந்தார். எடுக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. ‘அந்த வீடே வந்துவிட்டது’ என்று அப்பத்தா அழுதாள். நம் பக்கத்தில் துக்கத்துக்கு யார் வந்தார்கள் என்பதை மூன்று தலைமுறைக்கு மறக்க மாட்டார்கள், உங்களுக்கே தெரியும்.

மகான்கள் அனுப்பப்பட்டவர்கள். அவர்கள் கொண்டுவந்ததை வணங்கி வாங்கிக்கொள்ளலாம். ஆனால் சாவு வீட்டுக்குக் கடவுள் தானே வந்தாரா என்று கேட்டால், மகான்களைக் காட்டி ஆம் என்று சொல்ல முடியாது. இயேசுவைக் காட்டிச் சொல்கிறோம்.

உவமை இதற்கு மேல் வராது. பண்ணையக்காரர் அன்று வீட்டிலேயே இருந்துவிட்டார், மகன்தான் வந்தார். இயேசுவோ ‘என்னைக் காண்பது தந்தையைக் காண்பது ஆகும்’ என்கிறார். ‘தந்தை என்னைவிடப் பெரியவர்’ என்றும் அதே யோவான் நற்செய்தியில் சொல்லியிருக்கிறார். நம்மில் ஒருவராகத் தரையில் உட்கார்ந்தவரின் பேச்சு அது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

இதை இயேசுவே ஒரு குத்தகைக் கதையாகச் சொல்லியிருக்கிறார். திராட்சைத் தோட்டத்துக்காரர் பங்கு கேட்டு ஆள்மேல் ஆளாக அனுப்புகிறார். குத்தகைக்காரர்கள் ஒருவரை அடிக்கிறார்கள், ஒருவரைத் தலையில் காயப்படுத்துகிறார்கள், ஒருவரைக் கொல்கிறார்கள். கடைசியில் மிச்சம் இருப்பது அன்பு மகன் மட்டும். அவரையும் அனுப்புகிறார். அவர் வேலையாள் இல்லை, சொத்துக்கு உரியவர் என்று குத்தகைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிகிறது. தெரிந்தே கொல்கிறார்கள்.

மாற்கு நற்செய்தி, 12ஆம் அதிகாரம். உங்கள் நண்பரிடம் புத்தகம் இருக்கும். வாங்கிப் படித்துவிட்டு, என்ன தோன்றியது என்று எழுதுங்கள்.