பதினாறரை மணி நேரம் என்கிறது இணையம், 26 என்கிறது டிக்கெட்: எது சரி?

கேள்வி: மகள் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் இருக்கிறாள். நானும் மனைவியும் (68, 63) முதல் முறையாகப் போகிறோம். சென்னையிலிருந்து 13,900 கி.மீ., பதினாறரை மணி நேரம் என்று இணையத்தில் இருக்கிறது. ஏஜென்ட் தந்த டிக்கெட்டில் 26 மணி நேரம். ஏமாற்றுகிறாரா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: நேரத்தில் ஏமாற்றவில்லை ஐயா. அந்த 13,900 கி.மீ. பூமி உருண்டை மேல் நூல் பிடித்து அளந்த தூரம். அதை மணிக்கு 850 கி.மீ. என்று வகுத்துப் போட்டுவிடுகிறார்கள். சென்னையிலிருந்து அந்த ஊருக்கு நேர் விமானமே கிடையாது. ஓடாத பஸ்ஸுக்கு டைம் டேபிள் ஒட்டிய கதைதான். துபாய் வழியாகப் போனால் முதலில் சுமார் 2,900, பிறகு சுமார் 13,000 கி.மீ. பறப்பதே இருபது மணி நேரம் ஆகிவிடும், மிச்சம் காத்திருப்பு.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். விடிகாலை 4 மணிக்கு ஏறி அன்றே பகல் 1 மணிக்கு இறங்குவதாக இருந்தால் ஒன்பது மணி நேரப் பயணம் இல்லை. கோடையில் அங்கே நம்மைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். ஆக மொத்தம் இருபத்தொன்றரை. குளிர்காலத்தில் இன்னும் ஒரு மணி நேரம் கூடும்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. அந்தத் தாளில் எத்தனை பிஎன்ஆர் இருக்கிறது? இரண்டு விமானத்துக்கும் ஒன்றே என்றால் நிம்மதி. முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டுகளை ஒட்டுப்போட்டு, "பத்தாயிரம் மிச்சம் சார்" என்று தருகிற ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்காரன் 'நீங்கள் வரவில்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவான். பணம் போச்சு. பெட்டியும் பாதியில் வெளியே வந்துவிடும். அதை எடுக்க அந்த நாட்டு விசா வேண்டியிருக்கலாம். இதையெல்லாம் டிக்கெட்டில் பெரிய எழுத்தில் போடச் சொல்ல இங்கே யாருக்கும் அக்கறை இல்லை. பிஎன்ஆரை விமான நிறுவனத்தின் தளத்திலேயே போட்டுப் பாருங்கள். இரண்டு பயணமும் சேர்ந்து வர வேண்டும். 'டைரக்ட்' என்ற சொல்லையும் நம்பாதீர்கள். ஒரே எண்ணில் ஓடி நடுவில் இறங்கி ஏறும் விமானமும் டைரக்ட்தான். 'நான்-ஸ்டாப்பா?' என்று கேளுங்கள்.

அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரில்தான் குடியேற்றச் சோதனை. நியூயார்க்கில் மாறுவதானால் அங்கேயே வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, மறுபடி கொடுக்க வேண்டும். அபுதாபி போன்ற ஒருசில ஊர்கள் விதிவிலக்கு. அமெரிக்க அதிகாரிகள் அங்கேயே உட்கார்ந்து சோதனையை முடித்துவிடுவார்கள். அமெரிக்காவில் உள்ளூர்ப் பயணி மாதிரி இறங்கிப் போகலாம். ஆனால் அந்த வரிசை அபுதாபியில் உங்கள் காத்திருப்பு நேரத்தைத் தின்னும். ஒன்றரை மணி நேர இடைவெளியை ஏஜென்ட் காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் வயதுக்கு எந்த ஊரில் மாறினாலும் மூன்று, நான்கு மணி நேரம் இருக்கட்டும். வீல்சேர் வேண்டுமென்றால் இப்போதே பதிந்துவிடுங்கள்.

கும்பகோணத்திலிருந்து மீனம்பாக்கம் வரும் நேரத்தை எந்தத் தளமும் கணக்கில் சேர்க்காது. பெருங்களத்தூர் நெரிசலையும் சேர்த்து, முந்தைய நாள் மதியமே வண்டி ஏறிவிடுங்கள்.